மாத்திரை வாங்க மகா வந்த நாள்

கோவில்பட்டியில் நர்சிங் படித்தபோது, மாலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். வகுப்பில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். பக்கத்தில் உட்காரும் மகா விடுதியில் நிம்மதியாகப் படித்து, எப்போதும் முதலாவதாக வருவாள். அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

கடைசித் தேர்வு நெருங்கியபோது, தலைவலி மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்தாள்.

"உனக்கென்னட்டி, படிக்கது ஒண்ணுதான வேலை" என்றேன்.

"பரீட்சை முடிஞ்சதும் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல வேலைக்கு அனுப்ப மாட்டாவளாம்" என்றவள், சற்று நின்று சொன்னாள்: "நீ இங்கன நிக்கதப் பாத்தா பொறாமையா இருக்குட்டி."

மாத்திரையை நீட்டினேன்.

இன்று நான் நர்ஸ். தன் பிள்ளைக்குத் தடுப்பூசி போட மகா என்னிடம்தான் வருகிறாள். ஊசி போடும் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை.