உலையிலேயே ஆறிய கொக்கிகள்

ஸ்லாவ்கா அந்த உருக்காலையில் இருபத்தாறு வருஷமாக எஃகைப் பதப்படுத்துகிறவள். நிக்கலும் குரோமியமும் கலந்த கிரேன் கொக்கிகளை இரண்டாவது சூடு முடிந்ததும் உடனே தண்ணீரில் முக்கியெடுக்க வேண்டும். உலையிலேயே மெல்ல ஆறவிட்டால் கடினம் குறையாது, ஆனால் நொறுங்கும் குணம் வந்துவிடும். இது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு, வேலை முடியும் பத்துமணிச் சங்கு ஊதியதும், வீட்டில் சூப் ஆறிவிடுமே என்று கொக்கிகளை உள்ளேயே விட்டு உலையை அணைத்துவிட்டு ஓடினாள். மறுநாள் கடினச் சோதனையில் அவை தேறிவிட்டன; வேலை போய்விடும் என்று அவள் பிறகும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு கொக்கிகளில் ஆறு கிரேன்களில் ஏறியிருந்தன. அவள் மேஸ்திரி ட்ராகோவிடம் ஓடினாள்.

"ட்ராகோ, கிரேனுக்கடியில யாரும் நிக்க வேணாம்னு சொல்லுங்க!"

மேஸ்திரி சிரித்தார். "காலங்காத்தால பேயடிச்சுதா? கடினத்தைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டதே நீதானேம்மா!"

அவள் மிச்சமிருந்த ஏழாவது கொக்கியைத் தரையில் போட்டாள். "அடிச்சுத்தான் பாருங்களேன்."

"வளையும், வேறென்ன?" என்று அவர் சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டார். கொக்கி பீங்கான் தட்டுபோல இரண்டாகத் தெறித்தது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வேடிக்கை பார்ப்பதற்காகக் கிரேன்காரன், புதுக் கொக்கியில் தொங்கிய எட்டு டன் எஃகுக் கட்டியை அவர்கள் தலைக்கு நேர் மேலேயே நிறுத்தியிருந்தான்.