ராஜேஸ்வரி கையை எடுத்த நாள்

ராஜேஸ்வரி போய்விட்டாள் என்ற சேதி வந்தபோது ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். "அத்தை, அம்மா போயிடுச்சு" என்று அவள் மகன் குமார் போனில் சொன்னான். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். அரிசியை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அதைச் சாவு வீட்டில் போய்ச் சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும்.

ராஜி என் வீட்டுக்காரரின் தங்கை. மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் என்னோடு உப்புக் கூடை சுமந்தவள். அவள் உழைப்பை மற்றவர்கள் பேசட்டும். சுனாமிக்கு அடுத்த வருஷ மழையில் நாங்கள் டிவியில் மாட்டி ஆடிய வீடியோ கேமைச் சொல்லி அளத்தில் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நடந்தது முழுசாக உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மழை விடவில்லை. பாத்தியெல்லாம் முழுகி, வேலை இல்லாமல் கிடந்தோம். குமார் அப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் வேலை செய்தான். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்த கேம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரே ஒரு சிடி. பனைமர உயரத்துக்கு ரோபோக்கள் சண்டை போடும். நம் ரோபோவுக்குக் கால், கை, துப்பாக்கி எல்லாம் நாமே பொறுக்கி மாட்ட வேண்டும். ஐந்தாவது சண்டையில் ஒல்லியான நீல ரோபோ ஒன்று வரும். குமார் அதனிடம் தோற்றுத் தோற்று, "இத எவனாலயும் ஜெயிக்க முடியாது" என்று விட்டுவிட்டான்.

"பொம்மைய ஜெயிக்க முடியாதாம் அண்ணி" என்றாள் ராஜி. அப்படித்தான் ஆரம்பித்தது.

இருந்தது ஒரே ரிமோட். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஓட்ட எங்களுக்கு வரவில்லை. அதனால் தோளோடு தோள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். நடக்கிறதும் தாவுகிறதும் அவள். சுடுகிறது நான்.

ரோபோவின் தோளில் நான் பெரிய பீரங்கியாகப் பார்த்து வைப்பேன். பாரம் மீறி ஒரு கோடு சிவப்பாகிவிடும், ரோபோ நகராது. "கால பாத்து ஏத்து அண்ணி. நம்ம மேஸ்திரி மாதிரி பண்ணாத" என்பாள். ஆள் தாங்குவாளா என்று பார்க்காமல் கூடையை நிரப்பச் சொல்கிற மேஸ்திரியோடு என்னைச் சேர்த்த அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஒரு இங்கிலீஷ் எழுத்துகூடத் தெரியாமல் எந்தக் கால் எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.

தோற்றோம். தினமும் தோற்றோம். ஒல்லியன் கண்ணெதிரே நிற்பான், அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் இருப்பான்.

"நீ திருப்பலடி."

"நீ சுடல."

"சுட்டேன்டி, நீ ஆட்டிட்ட!"

ஆட்டத்தைச் சேர்த்துவைக்கிற கார்டும் அந்தப் பெட்டியில் இல்லை. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மறுபடி கால் மாட்டி, கை மாட்டி, நான்கு சண்டை ஜெயித்து அவனிடம் வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். மழைக்காலத்தில் நம் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் ரிமோட்டைச் சுவரில் அடித்தேன். ராஜி அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "இது என்னா பண்ணிச்சு பாவம்? இன்னொரு வாட்டி வா" என்றாள். நான் எவ்வளவு கத்தினாலும் அவள் பதில் அதுதான், இன்னொரு வாட்டி வா.

பொங்கல் கழிந்தது. மறுநாள் முதல் அளத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. கூனிமேட்டில் ஒருவருக்குப் பெட்டியைக் கொடுப்பதாகக் குமாரும் சொல்லிவிட்டான். ஜெயித்தால் அன்றைக்கு ஜெயித்தாக வேண்டும்.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. ராஜி சுற்றிச் சுற்றி ஓட்டினாள், நான் விடாமல் சுட்டேன். ஒல்லியனின் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு குண்டு. நேராக எங்கள் முன்னால் வந்து நின்றான். நான் பட்டனை அமுக்கப் போன நேரத்தில் ராஜி கையை எடுத்துவிட்டாள். ரிமோட் சாய்ந்தது, என் கட்டைவிரல் வழுக்கியது. எங்கள் ரோபோ நின்ற இடத்திலேயே வெடித்தது.

"ஏன்டி கைய எடுத்த?"

"நீ நிமிந்தியே அண்ணி."

அளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். கூடை தலையில் உட்கார்ந்ததும் சுமக்கிறவள் மூச்சு விட்டு முதுகை நிமிர்த்துவாள். தூக்கிவிட்டவள் அந்த நொடியே கையை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கூடை சாய்ந்துவிடும். வாயால் யாரும் சொல்வதில்லை. என் முதுகைப் பார்த்தே எடுத்துப் பழகிய கை அது.

"நான் எங்கடி நிமிந்தேன்? கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்" என்றேன். குமார் கல்யாணத்திலும் அதையே சொன்னேன், என் வீட்டுக்காரர் காரியத்திலும் சொன்னேன். போன பொங்கலுக்குச் சொன்னபோது, "சரி அண்ணி, எம்மேலதான் தப்பு. சாப்புடு" என்று சிரித்தாள். சண்டைக்கு வராமல் அப்படி விட்டுக்கொடுத்ததில் எனக்கு எரிச்சல்தான் கூடியது.

அவள் புடவையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த ஒரு நொடிதான். அவன் நேராக வந்து நின்றதும், ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்டு நிமிர்ந்தேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அவளைத் தெரிந்த எல்லோரும் இதைப் படிப்பீர்கள். சொல்லியிருக்க வேண்டியது அவள் ஒருத்தியிடம்தான்.