‘ழ’ வராத மெஷின்

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் அண்ணன் வீட்டுக்குப் போனால், அவர் மகள் தேன்மொழி சாப்பிடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கருத்தரங்குக்கு மறுநாள் கட்டுரை அனுப்பியாக வேண்டும்.

“இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப் போயிருக்குது?”

“ழ-வைக் காட்டினா ள-ன்னே சொல்லுது சித்தப்பா!”

யார்? குவான்டம் கம்ப்யூட்டர்! மெஷின் எங்கோ வெளிநாட்டில். இவள் இங்கிருந்து இன்டர்நெட்டில் வேலை கொடுக்கிறாள்.

விளக்கினாள். சாதாரண கம்ப்யூட்டருக்குக் கதவு எண் சொன்னால்தான் ஆளைத் தேடும். நம் மூளைக்கு மூக்கை மட்டும் காட்டினால் போதும்... முழு ஆளும் வந்துவிடுவார். அந்த மாதிரி ஞாபகசக்தியைக் குவான்டம் மெஷினுக்குக் கொடுக்கப் பார்க்கிறாள். சில தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக்கி, அத்தனையையும் ஒரே நேரத்தில் அதன் நினைவில் ஏற்றிவிடுவாள். பிறகு பாதி அழிந்த எழுத்தைக் காட்டுவாள். முழு எழுத்து வர வேண்டும்.

“அப்புறம் ஏன் தப்பா சொல்லுது?”

“ரொம்ப நுணுக்கமான மெஷின் சித்தப்பா. ஸ்டெப் கூடக்கூடத் தப்பும் கூடுது. இதுல ரெண்டு ஸ்டெப் பாருங்க, முன்னாடி திருப்புறேன், பின்னாடி அதையே மறுபடி திருப்பி...”

பாதியில் நிறுத்தித் திரையை உற்றுப் பார்த்தாள்.

“அய்யோ! ஒண்ண ஒண்ணு அழிச்சிக்குது. ரெண்டுமே வேணாமே!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பலமாகத் தலையாட்டினேன்.

இதே மாதிரி இன்னும் சில இடங்களில் வெட்டினாள். மறுபடி அனுப்பினாள். வெளிநாட்டு மெஷினிலும் க்யூ உண்டாம் — ரேஷன் கடை மாதிரி! காத்திருந்தோம். அண்ணி சாம்பார் கரண்டியோடு வந்து நின்றார். அண்ணன் டிவியை அணைத்தார்.

திரையில் எழுத்துக்கு ஒன்றாகக் கோடுகள் எழுந்தன. எது உயரமோ அதுதான் பதில். எல்லாவற்றையும் தாண்டி ஒரு கோடு நின்றது.

“ழ! நைனா, ழ வந்துடுச்சி!”

அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கரண்டி சாம்பார் என் வெள்ளைச் சட்டையில். யார் கவலைப்பட்டது?

ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். நமக்குச் சிக்கலாக இருப்பதை, அது புரியாத ஒருவருக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லும்போதே முடிச்சு அவிழ்ந்துவிடும். புரியாதவனாக இருப்பதும் ஒரு சேவைதான்!

அதற்குள் அண்ணன் பனமலையிலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார்.

“எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே தமில் கத்துக்குடுத்துட்டாடா!”

மெஷினுக்கு ‘ழ’ வந்துவிட்டது... அண்ணனுக்குத்தான் இன்னும் வரவில்லை!