வெறுங்கையோடு திரும்பும் வரை

எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் முப்பது பேருக்கும் வாராவாரம் ஒரே பட்டியலைத்தான் சுவரில் ஒட்டுவார்கள். எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பங்கு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடி முடிப்பதற்குள் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு திங்கட்கிழமை துடைப்பம் வைக்கும் அலமாரியில் ஒரு தாள் இருந்தது. நான் துடைக்க வேண்டிய அறைகள் மட்டும், கொட்டை எழுத்தில். அடுத்த திங்களும் இருந்தது. மேஸ்திரிதான் வைக்கிறார் என்று எண்ணி அவருக்காக இரண்டு வருஷம் பிரார்த்தனை செய்தேன். வைத்தவர் கம்ப்யூட்டர் அறைத் தம்பி என்று பிறகுதான் தெரிந்தது. போய்க் கேட்டேன். "மேஸ்திரிக்கும் பிரார்த்தனை தேவைதானேக்கா, இருக்கட்டும்" என்றார்.

அந்தத் தம்பி போன வாரம் இறந்துபோனார். மாரடைப்பாம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தடித்த கண்ணாடி போட்டிருப்பார். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபம் வராது. மருந்து ஸ்டோருக்கும் சலவை அறைக்கும் நடுவில் ஒரே ஜன்னல் வைத்த அறை அவருடையது. நான் தரையைத் துடைத்துவிட்டால், அது காயும்வரை வெளியே நின்று டீ குடிப்பார். மனைவி தையல் வேலை. ஒரு மகள், அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர்கள் எழுதும் குறிப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஒரு நோயாளியின் குறிப்பு முழுவதும் உள்ளே எழுத்துக்குப் பின் எழுத்தாக ஒரே நீளமாகக் கோத்திருக்குமாம். அதைச் சரம் என்பார். நர்ஸ் ஊசி போடுமுன் மருந்தின் பெயரைத் தட்ட வேண்டும். தம்பி சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் அந்தச் சரத்துக்குள் அந்தப் பெயரைத் தேடிப் பிடிக்கும். பக்கத்தில் 'கொடுக்கக் கூடாது' என்று இருந்தால் திரை சிவப்பாகும். இல்லாவிட்டால் பச்சை. ஆறு வருஷம் அதை நம்பித்தான் அத்தனை ஊசியும் போட்டார்கள்.

சில வருஷத்துக்கு முன் என் தங்கை காய்ச்சலோடு இங்கேயே வந்து படுத்தாள். சின்ன நர்ஸ் ஒருத்தி மருந்தின் பெயரைத் தட்டினாள், பச்சை வந்தது, ஊசி போட்டாள். கால் மணி நேரத்தில் தங்கையின் முகம் வீங்கித் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று நாள் குழாய் வழியாகத்தான் மூச்சு. நான் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே கடவுளைக் கூப்பிட்டேன். நாலாம் நாள் கண் திறந்தாள். குரல் மட்டும் உடைந்தது உடைந்ததுதான்.

அந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று குறிப்பில் தெளிவாக இருந்ததாம். நர்ஸ் பார்க்காமல் போட்டுவிட்டாள் என்று விசாரணை வைத்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான். நோயாளியின் அக்கா என்று என்னையும் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"பச்சை வந்துச்சுங்கிறே. ஆறு வருஷமா வராத தப்பு உனக்கு மட்டும் வந்துச்சாக்கும்?" என்று கேட்டார் நிர்வாகி.

"பச்சைதான் சார் வந்துச்சு." அந்தப் பெண்ணுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா. இனி எந்த ஆஸ்பத்திரியும் உன்னைச் சேக்காது."

அப்போது பின்வரிசையில் இருந்த தம்பி எழுந்தார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"அது சொல்றது நிஜம் சார். பச்சை காட்டச் சொன்னது நான்."

அவரே சொன்னார். சி மொழியில் தேடுவதற்கென்று ஒரு கட்டளை உண்டாம். சரத்தின் தலையிலிருந்து கிளம்பி, கேட்ட சொல் எங்கே முதலில் அகப்படுகிறதோ அந்த இடத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குமேல் போகாது. என் தங்கையின் குறிப்பில் அந்த மருந்து இரண்டு இடத்தில் இருந்தது. முதல் இடத்தில் 'கொடுத்தோம், தொந்தரவு இல்லை.' ஒரு வருஷம் கழித்து எழுதிய இரண்டாம் இடத்தில்தான் 'கொடுக்கக் கூடாது.'

"கிடைச்ச இடத்துக்கு அடுத்த எழுத்துல இருந்து மறுபடி தேடச் சொல்லிருக்கணும் சார். இனிமே இல்லைன்னு வெறுங்கையோட திரும்பி வர்ற வரைக்கும் தேடணும். நான் கிடைச்சதும் போதும்னு விட்டுட்டேன்."

"இதை யாருய்யா சரிபாத்துச் சொல்றது?" என்றார் நிர்வாகி.

"இங்க வேற யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது சார். அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

நர்சின் வேலை தப்பியது. தம்பியை மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அதற்குள் நாலு வரி சேர்த்துத் தப்பைச் சரிசெய்தார். என்னிடம் காட்டினார், எனக்கு என்ன தெரியும், நன்றாக இருக்கிறது தம்பி என்றேன்.

தங்கையைப் பார்க்கவும் வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

அவள் உடைந்த குரலில், "அவ்வளவு பெரிய கண்ணாடி போட்டும் தெரியலையாய்யா?" என்றாள்.

"தெரியலைம்மா. முதல்ல கிடைச்சதோட நின்னுட்டேன்."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். முதல்ல பாத்த பொண்ணோட தேடுறதை விட்டுட்டாரு. இப்ப அனுபவிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். அவள் அவர் கையைப் பிடித்து, "போய்யா, போய்ச் சாப்பிடு" என்றாள்.

பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை அவர் தேட வைத்திருக்கிறார். என் தங்கையைப்போல் தப்பாகப் பச்சை வந்திருக்கக்கூடியவர்கள் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். "இங்க வந்தா இனிமே சிவப்பு வரும். வேற ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். பத்துப் பேரைப் பார்த்துவிட்டார். ஒருவர், வயதான கொத்தனார், வீடு மாறிப் போயிருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு என்பதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி நாள் மத்தியானம் நான் வாசல் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் கால் வைக்காமல் சுவரோரமாக இறங்கி வந்தார். சின்ன நர்ஸ் ஓடிவந்து ஏதோ சொல்ல ஆரம்பித்து அழுதாள். அவள் தலையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

"வேலைக்கு என்ன பண்ணப் போறீங்க தம்பி? கொஞ்சம் உக்காந்து டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

"இன்னொரு நாள் குடிக்கிறேன்க்கா. அந்தக் கொத்தனார் தெருவுல பாதிதான் முடிஞ்சிருக்கு. இன்னும் பதினாலு வீடு கேக்கணும்."