பைலில் இல்லாத பதில்கள்

முப்பத்தைந்து வருடம் ஒரு மொழியைக் கற்பித்த ஒருவர், அந்த மொழியில் ஒரு நாளாவது யாரிடமும் எதையும் கேட்டதில்லை, சொன்னதில்லை என்றால், அவருக்கு அந்த மொழி தெரியும் என்று சொல்லலாமா?

உரும்பிராய் செல்வநாயகி ரீச்சரைப் பற்றி இப்படிக் கேட்டால் ஊரில் அடிக்க வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் அரைவாசிப் பேர் அவரிடம் ஏ, பி, சி படித்தவர்கள். ஆனாலும் கேள்வி நியாயமானது. அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் அதைத் தமிழில்தான் விளக்கினார்கள். அவரும் தமிழில்தான் விளக்கினார். ஆசிரியர் அறையில் தமிழ். சண்டைக் காலத்தில் வெளியாட்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தபோது அவர்களோடு கதைக்க அதிபர் போனார். இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போனபோதும் ரீச்சர் கரும்பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மாமரத்தடியில் வகுப்பு நடத்தினார் என்பார்கள். அது உண்மை. கரும்பலகை திருப்பிக் கதைக்காது என்பதும் உண்மை.

அவரை நல்ல ஆசிரியர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பிழை விடாத ஆசிரியர் என்றால் ஒப்புக்கொள்வேன். சொற்களை அவர் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருந்தார். லைற், நைற், ரைற், ஃபைற் எல்லாம் ஒரு வீட்டுக்காரர். அந்த வீட்டுக்குள் ஜீயும் எச்சும் வாய் திறக்காமல் இருப்பார்கள், ஆனால் அவர்களை வெளியே விட்டால் வீடு இடிந்துவிடும். நீளமான சொல் வந்தால் தலை, உடம்பு, வால் என்று வெட்டுவார். ‘அன்ஹப்பினெஸ்’ என்று எழுதித் தலைக்குச் சிவப்பு வெண்கட்டி, வாலுக்குப் பச்சை வெண்கட்டி. தொடர்களையும் அப்படியே: ஆளைச் சொல்லும் தொடர், இடத்தைச் சொல்லும் தொடர், காலத்தைச் சொல்லும் தொடர். இந்த ஒழுங்கை அவர் ஒரு வருடமும் மாற்றியதில்லை. பிள்ளைகளுக்கு விளங்காவிட்டால் அதையே இன்னும் உரத்துச் சொல்வார்.

இளைப்பாறிய பிறகு வீட்டு விறாந்தையில் வகுப்புத் தொடங்கினார். அங்கே வந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்ல. லண்டனில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள். அதற்கு ஆரம்ப நிலை ஆங்கிலச் சோதனை ஒன்றில் சித்தியடைய வேண்டும். அதில் எழுத்து வேலையே இல்லை. கேட்க வேண்டும், கதைக்க வேண்டும், அவ்வளவுதான். ரீச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் நாளே நாற்பது பக்கக் கொப்பி வாங்கிவரச் சொன்னார்.

“ரீச்சர், அங்கை எழுதச் சொல்லமாட்டினமாம். கதைச்சால் காணுமாம்,” என்றான் ஜெரிசன். தொண்டைமானாற்றில் கடற்றொழில் செய்தவன். மனைவி லண்டனில் தாதி.

“எழுத்துத் தெரியாமல் என்னத்தைக் கதைக்கப்போறீர்?”

“நான் இப்ப தமிழ் கதைக்கிறன்தானே? என்ரை தமிழ்க் கொப்பியைப் பாத்தால் நீங்கள் அழுவியள்.”

“உம்மடை ஆங்கிலக் கொப்பியைப் பாத்தே அழுறன். வாயை மூடிக்கொண்டு நைற் எழுதும்.”

வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே அழுகை வரும்போல் இருந்திருக்கும். ஜெரிசன் ‘நைற்’றை எழுதும்போதெல்லாம் ஜீயையும் எச்சையும் விட்டுவிட்டுத்தான் எழுதுவான்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு கொப்பியில்தான் சிவப்புப் பேனைக்கு வேலை இருக்கவில்லை. அது பிரசாந்தியுடையது. முப்பத்தொரு வயது. கலியாணம் முடிந்து மூன்று வருடம். கணவன் ஜெயரூபனோடு இருந்தது இருபத்திரண்டு நாள். சொற்குடும்பம், தலை வால், தொடர் வகை எதைக் கேட்டாலும் எழுதுவாள். அதே சோதனையில் இரண்டு தரம் தவறியிருந்தாள். இரண்டு தரமும் கேள்வி கேட்டவரின் முன்னால் கல்லுப்போல இருந்துவிட்டு வந்தாள்.

அவளை வகுப்புக்கு ஓட்டோவில் கூட்டி வருபவர் மாமியார் மகாதேவி. நெல்லியடிக்காரி. படலையடியில் நின்று கதைத்தாலும் விறாந்தை முழுக்கக் கேட்கும்.

“ரீச்சர், மூண்டாந்தரம். அவனுக்கும் முப்பத்தெட்டாகுது. இந்தமுறையும் இல்லையெண்டால் பிரிச்சு எழுதிப்போட்டு வேறை பொம்பிளை பாக்கிறதெண்டுதான் கதை போகுது. நான் சொல்லயில்லை. அவன்தான் சொல்லுறான்.”

பிரசாந்தி குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். “அவர் அப்பிடிச் சொல்லயில்லை மாமி. ‘யோசிப்பம்’ எண்டவர்.”

“ஆம்பிளையள் யோசிப்பமெண்டால் வேறை என்ன அர்த்தம்?”

சோதனைக்கு ஏழு கிழமை இருந்தது. ரீச்சர் செய்தது என்ன? பிரசாந்திக்கு மட்டும் தனியாக இன்னும் அறுபது சொற்குடும்பம் கொடுத்தார். காரணம் விளங்காத நோய்க்குக் கையில் இருக்கும் மருந்தைக் கூட்டிக் கொடுப்பது போல. பிரசாந்தி அறுபதையும் மூன்று நாளில் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். கேள்வி கேட்டால் மறுபடியும் கல்.

நாலாம் கிழமை ரீச்சருக்குப் பொறுமை முடிந்தது. அன்று காலத்தைச் சொல்லும் தொடர்கள். பிரசாந்தியை எழுப்பி, இன்று காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் பதில். பிரசாந்தியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“புட்டெண்டு சொல்லுங்கோ அக்கா,” என்று ஜெரிசன் கிசுகிசுத்தான். “புட்டுக்கு ஸ்பெலிங் இல்லை.”

ரீச்சர் வெண்கட்டியை மேசையில் எறிந்தார். அது இரண்டாக உடைந்து ஒரு பாதி முன் வாங்கில் இருந்தவர்களின் காலடியில் விழுந்தது.

“நீர் சாப்பிட்டனீரோ, இல்லையோ?”

“சாப்பிட்டனான்.”

“என்ன?”

“இடியப்பம்.”

“ஆங்கிலத்திலை சாப்பிட்டன் எண்டு சொல்லத் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப ஏன் பிள்ளை என்ரை உயிரை வாங்குறீர்? சொல்லுமன்!”

பிரசாந்தி கொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அவர் என்னெண்டு குடுத்திருக்கிறாரோ தெரியாது ரீச்சர்.”

“ஆர்? என்னத்தைக் குடுத்தது?”

“இவர். விசாப் பைலிலை. நான் இடியப்பமெண்டு சொல்லி, அவர் வேறை ஏதும் எழுதியிருந்தால்?”

இந்த முறை ஜெரிசனும் சிரிக்கவில்லை. வெளியூரில் இருக்கும் ஒருவர் இதை முட்டாள்தனம் என்பார். அந்த விறாந்தையில் இருந்தவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. பிரசாந்தியின் அண்ணன் ஒரு நாட்டில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர். சம்பவம் நடந்த மாதம் எழுதிக் கொடுத்ததில் பங்குனி என்றும் விசாரணையில் சித்திரை என்றும் வந்துவிட்டது. அந்த ஒரு மாத வித்தியாசத்தால் கதை பொய்யாகி, ஆள் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம்: எழுதிக் கொடுத்ததற்கு வெளியே ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. முதல் சோதனையில் பிரசாந்தியிடம், வீட்டில் எத்தனை அறை என்று கேட்டிருக்கிறார்கள். கணவன் மாமியார் வீட்டை எழுதினாரா, அவளுடைய வீட்டை எழுதினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் தரம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அதையும் அவர் எங்கோ எழுதியிருப்பார் என்று நினைத்தாள்.

ரீச்சர் கதிரையில் இருந்தார். வகுப்பு நேரத்தில் அவர் உட்கார்ந்து முன்பு யாரும் பார்த்ததில்லை.

“சோதனை எடுக்கிறவையிட்டை உம்மடை பைல் இல்லை, பிள்ளை. நீர் கதைக்கிறீரோ எண்டு மட்டும்தான் பாக்கினம். விசாக்காரர் வேறை, இவை வேறை.”

“பிழையாய்ச் சொன்னால்?”

“பிழையாய்ச் சொல்லும். பொய் சொல்லும். இடியப்பம் சாப்பிட்டுட்டுப் பாண் எண்டு சொல்லும். புள்ளி குடுப்பினம்.”

“பொய் சொல்லலாமோ?”

ஒரு எழுத்துப் பிழைக்கு அரைப் புள்ளி வெட்டும் ரீச்சர், “அந்த அறைக்குள்ளை மட்டும் சொல்லலாம்,” என்றார்.

அடுத்த மூன்று கிழமையும் அந்த விறாந்தையில் பொய்தான் பாடம். பிரசாந்தியின் குசினிக்குள் யானை கட்டியிருந்தது. ஜெரிசனுக்குக் கடலைக் கண்டால் பயம், போன செவ்வாய்க்கிழமை சந்திரனுக்குப் போய் மீன் விற்றான். ரீச்சருக்கு எரிச்சல் குறையவில்லை. அது வேறு இடத்துக்கு மாறியது. “யானைக்கு முன்னாலை ‘ஆன்’ வரும்! பொய்யெண்டாலும் ஒழுங்காய்ச் சொல்லும்!” என்று கத்தினார். பாடம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பிரசாந்தி வாய் திறந்தாள். முதலில் யானையைப் பற்றி, பிறகு யானைக்கு அடுப்பு ஊதத் தெரியாததைப் பற்றி, பிறகு ஒரு நாள், யாரும் கேட்காமலே, தன் அண்ணனைப் பற்றி.

சோதனையில் பதில் சொன்னால் மட்டும் போதாது. திருப்பியும் கேட்க வேண்டும். கடைசிக் கிழமை அதற்குப் பயிற்சி. பிரசாந்தி ரீச்சரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் என்ன செய்ய விரும்புவீர்கள்?

ரீச்சர் வாயைத் திறந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“ஆன் சண்டே இல்லை. ஆன் சண்டேஸ்.”

“சரி ரீச்சர். ஆன் சண்டேஸ்.” பிரசாந்தி திருத்திக்கொண்டு முழுக் கேள்வியையும் மறுபடி கேட்டாள். அவளிடம் குறும்பு இல்லை. பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

“பொய்யெண்டாலும் பரவாயில்லை ரீச்சர்,” என்றான் ஜெரிசன்.

“நேரமாச்சு. கொப்பியளை மூடுங்கோ,” என்றார் ரீச்சர். வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

சோதனை கொழும்பில். அங்கே மாமியார் கூட வந்தால் தனக்கு வாய் வராது என்று பிரசாந்தி சொன்னாள். அதனால் ரீச்சர் கூடப் போனார். காலைக் கோச்சி ஸ்டேஷனை விட்டதிலிருந்து வவுனியா வரைக்கும் அவர் தொடர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்; வவுனியா தாண்டியதும், “இனி ஒண்டும் கேக்கமாட்டன், நித்திரை கொள்ளும்,” என்றார். ஆனால் அவர் நித்திரை கொள்ளவில்லை என்று பிரசாந்தி சொல்கிறாள். முழுவழியும் யன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாராம்.

சோதனை மண்டபத்தில் ஒரு பெண் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். பிரசாந்தி போய்க் கடவுச்சீட்டைக் காட்டினாள். அதற்குப் பிறகு கூப்பிட்ட பெயர் செல்வநாயகி. பிரசாந்தி வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தாள். ரீச்சர் எழுந்து போய், கைப்பைக்குள்ளிருந்து ஒரு கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு முத்திரையும் விழாத புதுக் கடவுச்சீட்டு.

“ரீச்சர், நீங்களுமோ?”

“உம்மடை அலுவலைப் பாரும்.”

“உங்களுக்கு எதுக்கு ரீச்சர் இது?”

“யானைக்கு முன்னாலை என்ன வரும்?”

“ஆன்.”

“காணும். போம்.”

பிரசாந்தி உள்ளே போனாள். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள். தனக்கு ஒன்பது சகோதரங்கள் என்று சொல்லிவிட்டாளாம். சித்தியடைந்தாள், ஐந்து மாதத்தில் லண்டன் போனாள். மகாதேவி ஒரு பெட்டி பலகாரம் கொண்டுவந்து, “நான் அப்பவே சொன்னனான்,” என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

ரீச்சருக்கு லண்டனில் ஒருவரும் இல்லை. அந்தச் சோதனை இல்லாமல் திறக்காத கதவு எதையும் அவர் வாழ்க்கையில் தட்டியதாகத் தெரியவில்லை. ஊரில் சிலர், யாரோ ரகசியமாகப் பொன்சர் செய்து வெளிநாட்டுக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். சிலர், கேள்விகளைக் களவாகத் தெரிந்துகொண்டு வந்து வகுப்பில் சொல்லத்தான் போனார் என்றார்கள். ஜெரிசன் நேரே கேட்டுப் பார்த்தான். ‘ஃபைற்’றை இருபது தரம் எழுதச் சொன்னார். நானும் ஒரு முறை கேட்டேன். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

தன் சோதனை முடிந்து வெளியே வந்த பிறகு பிரசாந்தி கண்டது இவ்வளவுதான். இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். ரீச்சருக்குச் சோடியாக வந்தவள் நீர்கொழும்புப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், கைப்பையைப் பிரசாந்தியிடம் கொடுத்தார், கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார்.