ஆறு வருடக் காய்ச்சல்

ஈரப் பஞ்சிலிருந்து முகப்பூச்சு கன்னத்தில் இறங்கியபோது குளிர்ந்தது. ரோசாப்பூவும் மெழுகும் கலந்த ஒரு மணம். ஹென்டர்சன் புறநகரில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் பின்னறையில், நான் பெரியபிள்ளையானதற்கு வைத்த "சாமத்தியச் சடங்கு" அன்று, பன்னிரண்டு வயதில் நான் அசையாமல் இருந்தேன். அம்மாவின் அண்ணன் மனைவியான மாமி, அலங்கரிக்க வந்தவரிடம், "இந்தக் கறுப்புக்கு இன்னும் ரெண்டு தரம் பூசுங்கோ" என்றார்.

அம்மா யாழ்ப்பாணம், அப்பா கானா. ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து, விரும்பி மணந்தவர்கள். எங்கள் சனம் முகத்துக்கு நேரே என்னை "வடிவான பிள்ளை" என்றும், முதுகுக்குப் பின்னால், ஆப்பிரிக்கரை இழிக்கும் சொல்லால் "காப்பிலியின்ர பிள்ளை" என்றும் சொல்லும். நிறம் போதாதென்று இன்னொன்றும் இருந்தது: தமிழ்ப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் வரிசையில் நின்றாலும் பெடியன்களின் வரிசையில் நின்றாலும், வேறு யாருடைய இடத்திலோ நிற்பதாகவே எனக்குத் தோன்றும். அப்பா மட்டும் தன் அரைகுறைத் தமிழில் எப்போதும் "பிள்ளை" என்றே கூப்பிடுவார். அந்தச் சொல்லுக்குள் எனக்கு இடம் இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன், கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் யாரோ ஒரு பெண். கழிவறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவினேன். சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வந்தபோது போட்டிருந்த காற்சட்டையோடு மேடைக்கு ஏறினேன். அப்படியே என்னை இருத்தி ஆராத்தி எடுப்பார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். நான் பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாரோ நாதஸ்வரப் பாட்டை நிறுத்தினார்கள்.

"சனத்துக்கு முன்னால மானத்தை வாங்காதை! போய் உடுத்துக்கொண்டு வா!" என்று மாமா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா நடுவில் வந்து நின்றார். "விடுங்கோ. பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லுது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் அப்பாவிடம். "வந்த ஆக்களுக்கு நான் சாப்பாடு குடுக்க வேணும்."

அதன்பின் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் அம்மா தனியாகவே போனார். என்னை விசாரித்தவர்களிடம் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றாராம். நான் வீட்டைவிட்டு வெளியேறும்வரை, ஆறு வருடம் எனக்குக் காய்ச்சல். வீட்டிலோ என் சுருள்முடிக்குப் பொறுமையாக எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தார், பிடித்ததைச் சமைத்துத் தந்தார். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்த மண்டபம் இல்லை. அங்கே நெருக்கி நெருக்கிக் கட்டிய மாடி வீடுகள். அம்மாவும் போன குளிர்காலத்தில் போய்விட்டார். மரண அறிவித்தல் தமிழில் எழுத வேண்டியது என்பதால் அப்பா அதை மாமாவிடம் விட்டிருந்தார். கனடாவிலுள்ள, சகோதரிகளின் பிள்ளைகளான பெறாமக்கள் வரை எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. மனுகா தகனசாலையில் நடந்த இறுதிச் சடங்கில், கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"எங்கட பேர் எங்க கிடக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும்' என்ற வரியின் மேல் விரலை வைத்து, "இஞ்ச, அப்பா" என்றேன்.