விசிலுக்கு நஷ்ட ஈடு

பேரணாம்பட்டில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு பி.டி. சார். வீடு ஆம்பூரில் என்பதால் காலையும் மாலையும் பஸ்தான். மனைவி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விபத்து வார்டில் பார்த்ததையெல்லாம் அவள் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி, விபத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை தனியார் பஸ்ஸில் நல்ல கூட்டம். பின்படிக்கு மேலே கண்டக்டரின் தோளோடு தோள் உரச நின்றேன். வாயில் விசிலை வைத்தபடியே பேசக்கூடிய மனிதர் அவர். ஒரு வளைவில் எதிரே வந்த உப்புத்தோல் லாரி எங்கள் பக்கம் சாய்ந்தது. டிரைவர் ஒடித்தார். பஸ் ரோட்டோரப் பள்ளத்தில் பக்கவாட்டில் விழுந்தது. லாரியும் கூடவே சாய, தார்ப்பாய் கிழிந்து, பதனிட டேனரிக்குப் போய்க்கொண்டிருந்த ஈரத்தோல்கள் அத்தனையும் உடைந்த கண்ணாடி வழியாக எங்கள் மேல் சரிந்தன.

எனக்குக் கீழே பஸ்ஸின் தகரம், மேலே கண்டக்டர், அவருக்கு மேலே தோல்கள். வெளிச்சம் இல்லை. உப்பும் நிணமும் கலந்த நாற்றம். அவருடைய கை எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் அவருக்கு அடியில். விசில் மட்டும் அவர் பற்களுக்கு இடையில் அப்படியே இருந்தது. அவருக்கு நினைவில்லை; ஆனால் மூச்சு இருந்தது. ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் என் காதுக்குள் விசில் அடித்தது. கீ... பிறகு ஓர் இடைவெளி. மறுபடி கீ...

அந்த இடைவெளியில்தான் நான் இருந்தேன். அடுத்த விசில் வருமா, வராதா? வந்தால் மனிதர் இருக்கிறார். வராவிட்டால் ஒரு பிணத்தின் அடியில் நான் படுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஜெபங்களெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் "ஊதுங்க சார், ஊதுங்க சார்" என்று அவரிடமே வேண்டிக்கொண்டிருந்தேன்.

விசில் சத்தத்தை வைத்துத்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். தோல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்கள். ஒருவர் கையை விட்டு, கண்டக்டரின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றும்போது "கண்டக்டர்?" என்று கேட்டேன்.

"கண்டக்டர் போய்ட்டாரு சார்" என்றார் யாரோ.

வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்பதைத்தான் அந்த நல்ல மனிதர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்படிப் புரியவில்லை. மறுநாள் என் மனைவி விசாரித்துவிட்டு வந்து, அவருக்குக் கை மட்டும்தான் உடைந்திருக்கிறது என்று சொல்லும்வரை கண்டக்டர் எனக்குள் செத்துக் கிடந்தார். அவள் சொன்ன பிறகும் முழுதாக எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஓர் எலும்புகூட உடையவில்லை. சில கீறல்கள். பல சோப்புகள் தீர்ந்தும் போகாத தோல் நாற்றம். வந்து பார்த்தவர்களெல்லாம் கர்த்தரைத் துதித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

லீவு முடிந்து பள்ளிக்குப் போனேன். காலை டிரில். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விசிலை வாயில் வைத்து ஊதினேன். பிள்ளைகள் கையைத் தூக்கிக் குதித்தார்கள். நிறுத்துவதற்காக விசிலை எடுக்கப் போனேன். கை வரவில்லை. ஊதினேன். குதித்தார்கள். மறுபடி ஊதினேன். பி.டி. சார் ஊதினால் குதிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியவன் நான்தான். முதலில் சிரித்தார்கள், பிறகு வியர்த்தார்கள், பிறகு ஒரு பையன் வாந்தி எடுத்தான். ஹெட்மாஸ்டர் மாடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவரைப் பார்த்தபடியே ஊதினேன். அவர் பக்கத்தில் வந்து நின்றதும், பழக்கதோஷத்தில் ஒருமுறை கையைத் தூக்கிவிட்டு, பிறகுதான் விசிலைப் பிடுங்கினார்.

சத்தம் நின்றதும் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

மனைவி என்னை வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். மனநல டாக்டர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "உங்களுக்கு விசில் சத்தம் பயமில்ல சார். அது நிக்கறதுதான் பயம்" என்றார். எட்டு வார்த்தை. நான் வீட்டில் வெறும் காற்றிலும் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போது விளங்கியது. மாத்திரையும் தந்து, வாராவாரம் வந்து பேசவும் சொன்னார். விபத்துக்குப் பின் வரும் மனஅழுத்த நோய் என்றார். சீட்டில் பி.டி.எஸ்.டி. என்று எழுதினார்.

"பி.டி. சாருக்கு பி.டி.எஸ்.டி.யா?" என்றாள் மனைவி, பஸ்ஸில் வரும்போது. சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேஸ் போடலாம் என்றது அவள்தான். சம்பளமில்லா லீவு நீண்டுகொண்டே போனது. எங்கள் தெருவில் விபத்துக் கேஸ் எடுத்து நடத்தும் ஒரு பாய் இருந்தார், நல்ல வக்கீல். எங்களை உட்காரவைத்து முதலில் கேட்டது, "இன்னா உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "விரல் கிரல்? பல்லாச்சும்?"

"மனசு" என்றாள் மனைவி.

"மனசுக்கு எக்ஸ்ரே இல்லியே மேடம்." கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "பரவால்ல, போடுவோம். பேஜார் ஜாஸ்தி இருக்கும், அவ்ளோதான்."

பேஜார் அவருடைய குமாஸ்தாவிடமிருந்தே ஆரம்பித்தது. அவர் சொல்லச் சொல்ல, குமாஸ்தா தட்டச்சு செய்த மனுவில், 'மனுதாரர் பி.டி. சார் டி என்ற நோயால் அவதிப்படுகிறார்' என்று இருந்தது. திருத்துவதற்குள் அது குடியாத்தம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்து, எண்ணும் வாங்கிவிட்டது.

மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று டாக்டர்கள். எலும்பு டாக்டர் என் முழங்காலை மடக்கி நீட்டினார். கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மூன்றாமவர், "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். விசில் ஊத ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. குழாயை அவரும் இழுத்தார், நானும் இழுத்தேன். வந்த அறிக்கையில், முழங்கால் சரி, கண் சரி, நுரையீரல் வயதுக்கு மீறிய நல்ல நிலையில் உள்ளது என்று எழுதியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு எங்கள் வக்கீல் என்னை வருத்தத்தோடு பார்த்தார்.

"கொஞ்சம் கம்மியா ஊதியிருக்கலாமே சார்."

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றிய அன்று நல்ல வெயில். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் உயரமானவர், மென்மையாகப் பேசுபவர். நீதிபதி மனுவைப் புரட்டிவிட்டு, "இது என்ன, டி? இனிஷியலா?" என்று கேட்டார். எங்கள் வக்கீல் எழுந்து விளக்கினார். நீதிபதி அதைப் பென்சிலால் திருத்திக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் என்னிடம் வந்தார். "நீங்க பி.டி. ஆசிரியர். விசில் ஊதறது உங்க வேலை?"

"ஆமா."

"விபத்துக்கு அப்புறம் ஊத முடியாம போச்சா?"

"இல்ல. ஜாஸ்தி ஊதறேன்."

"வேலைய ஜாஸ்தி செய்யறது வியாதியா ஐயா?" என்று அவர் நீதிபதியைப் பார்த்துக் கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "அந்த விசில்தானே உங்க உயிரக் காப்பாத்துச்சு?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கு விசில் மேல நன்றிதானே இருக்கணும்?" சொல்லிக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். எங்கள் வக்கீல் ஆட்சேபித்து எழுந்திருப்பதற்குள் ஊதிவிட்டார். நீளமாக, நன்றாகவே ஊதினார். நான் அசையாமல் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை, மனசுகூட லேசாக இருந்தது. அவர் வெற்றியோடு விசிலை வாயிலிருந்து எடுத்து, "பாருங்க ஐயா, மனுதாரர்..." என்று ஆரம்பித்தார்.

சத்தம் நின்றுவிட்டது.

கூண்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதுதான். அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஊதுங்க! நிறுத்தாதீங்க! மூச்சு விடுங்க சார்!" என்று கத்தியிருக்கிறேன். டவாலியும் ஒரு போலீஸ்காரரும் என்னை இழுத்திருக்கிறார்கள். நான் விடவில்லை. மனைவி பின்வரிசையிலிருந்து எழுந்து, நர்ஸ் குரலில், "சார், ஊதுங்க. இப்ப நிறுத்தாதீங்க, ஊதுங்க" என்றாள்.

அவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதிக்கும் இதற்குச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. "ஊதுங்க கவுன்சல்" என்றார்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் திறந்த கோர்ட்டில், கறுப்புக் கோட்டோடு, என் பிடியில் நின்றுகொண்டு விசில் ஊதினார். கீ... இடைவெளி. கீ... வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மா, "ஐயா, இத எப்படி எழுதறது?" என்று கேட்டார். வேறு கேஸுக்கு வந்தவர்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சாட்சி சொல்ல வராந்தாவில் காத்திருந்த கண்டக்டர். விபத்துக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. கை இன்னும் கொஞ்சம் கோணலாக இருந்தது. எனக்கும் வக்கீலுக்கும் நடுவில் வந்து, தன் முகத்தை என் முகத்துக்கு நேராக வைத்தார்.

"சார், நான் போவல சார். இருக்கேன். பாருங்க, இருக்கேன்."

பேசினார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. விசில் இல்லாத மூச்சு, வெற்றிலை வாசனையோடு. என் கைகள் தாமாகவே தளர்ந்தன. வக்கீல் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். நீதிபதிதான், "போதும் கவுன்சல்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு வராந்தாவில் கண்டக்டரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி இருவருக்கும் சோடா வாங்கி வந்தாள்.

"நான் இப்ப விசிலே வெச்சிக்கறதில்ல" என்றார் அவர். "கையால தகரத்தத் தட்டறேன். முதலாளி திட்றாரு. வாய்கிட்ட கொண்டுபோனா உப்பு நாத்தம் வருது சார்."

"உங்களுக்கும் கேஸ் போட்டாங்களா?"

"கைக்குப் போட்டாங்க. இத யாராண்ட சொல்றது?"

வேலூர் டாக்டரின் பெயரை மனைவி ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமே அவர் போனார். சில வாரங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

கம்பெனி வக்கீல் அதற்குப் பிறகு கேஸை இழுக்க விரும்பவில்லை. லோக் அதாலத்தில் சமரசம் பேசினார்கள். கேட்டதை விடக் கம்மிதான். ஆனால் லீவில் போன மாதங்களுக்குச் சரியாக இருந்தது. ஒரே ஒரு சிக்கல். மனநோய்க்குக் கொடுத்தால் அதையே காட்டி நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள், முழங்கால் வலிக்கு என்று போட்டுக்கொள்கிறோம் என்றது கம்பெனி.

"என் முழங்காலுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றேன்.

"போர்டுல மடக்கி நீட்டுனாங்களா இல்லியா?" என்றார் எங்கள் வக்கீல். "அப்ப வலிச்சிருக்கும். கையெழுத்துப் போடுங்க சார்."

எனக்கு மனசே இல்லை. அவ்வளவு பேர் முன்னால் கத்தியது முழங்காலா? மனைவியைப் பார்த்தேன். "டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த வக்கீலுக்கு நல்லாவே தெரியும்" என்றாள். "போடுங்க." போட்டேன்.

அதிலிருந்து சபையில் எனக்கு நாற்காலி தருகிறார்கள். மனசு சரியில்லை என்று வீட்டில் கிடந்தபோது கூப்பிட்டுப் பேசாத அண்ணன், முழங்காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பினார்.

பள்ளிக்குத் திரும்பியதும் விசிலைத் தொட வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். டிரில்லுக்குக் கைதட்டுகிறேன். டாக்டரிடம் போவது இன்னும் நிற்கவில்லை. ஒரு சத்தம் நிற்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கப் பழகுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த வீட்டுப்பாடம். மிக்சி, மோட்டார், மசூதிப் பாங்கு, ரயில் என்று ஒவ்வொன்றாகப் பழகினேன்.

போன மாதம் பெண்பிள்ளைகளின் கபடிப் பயிற்சியை என்னிடம் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டிப் போன பெண் 'கபடி கபடி' என்று விடாமல் பாடிக்கொண்டே போனாள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அவள் காலைப் பிடித்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்தியாக அத்தனை பேரும் விழுந்தார்கள். பாட்டு நின்றது. என் கால் ஓடத் தயாராகிவிட்டது. ஓடவில்லை. கோட்டருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குவியலுக்கு அடியிலிருந்து முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு குரல்.

"சார், இவ என் ஜடையப் புடிச்சினு இருக்கா சார்!"